கனிமத் தூள் தண்ணீரில் நிற்க: பாலிமர்களோடு பல வருட அனுபவம்

கால்சியம் கார்பனேட், கயோலின் (வெண்களிமண்), அவ்வப்போது பேரைட் (பேரியம் சல்பேட் கனிமம்). இந்தத் தூள்களைத் தண்ணீரில் கலந்து ஸ்லரியாக (கெட்டியான குழம்பாக), கெடாமல் வைத்திருப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. இதற்கென்று சேர்க்கும் பாலிமர்கள் பலவற்றை நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: களிபோல இறுகி நிற்கும் ஸ்லரியில் சில சொட்டு விட்டதும் அது இளகி ஓடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிமிடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் அசையாமல் நின்ற ஜாடியின் அடியில் ஸ்பேட்டுலாவை இறக்கிப் பாருங்கள்.

அதிகம் கைகொடுத்தது சோடியம் பாலிஅக்ரிலேட். மூலக்கூறு எடை சில ஆயிரங்களில் இருக்கும் குட்டைச் சங்கிலி வகையைச் சொல்கிறேன். அது துகளின் மேல் ஒட்டிக்கொண்டு எதிர்மின்னேற்றம் தருகிறது, துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. இதே குடும்பத்தில் மூலக்கூறு எடை பல லட்சத்துக்குப் போனால் நேர் எதிரான வேலை நடக்கும். நீளமான சங்கிலி ஒரே சமயத்தில் பல துகள்களைப் பிடித்துத் திரட்டிக் கீழே இறக்கிவிடும். கழிவுநீரைத் தெளிய வைக்க அதுதான் வேண்டும், நமக்கு வேண்டாம். அதனால் டிரம்மின் மேல் உள்ள பெயரைவிட மூலக்கூறு எடையைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

நுண்ணிய கால்சியம் கார்பனேட்டை 70 சதவீதத்துக்கு மேல் திடப்பொருள் இருக்கும்படி ஓடவிட, இப்படி ஒரு டிஸ்பர்சன்ட் (துகள்களைப் பிரித்து வைக்கும் பொருள்) இல்லாமல் முடியாது. உலர்ந்த தூளின் எடையில் அரை சதவீதத்தை ஒட்டித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் விஸ்காசிட்டி (பாகுத்தன்மை) பார்க்க வேண்டும். முதலில் மளமளவென்று இறங்கும், ஒரு இடத்தில் நிற்கும், அதன்பின் மெல்ல ஏறத் தொடங்கும். ஏறக் காரணம், துகளில் ஒட்ட இடம் கிடைக்காத பாலிமர் தண்ணீரிலேயே தங்கி அயனிகளைக் கூட்டுவதுதான். அயனி கூடினால் தள்ளுவிசை எட்டும் தூரம் குறைந்துவிடும். கடின நீரிலும் இதே தொல்லை, கூடவே அதிலுள்ள கால்சியம் பாலிமரையே பிடித்துக்கொள்ளும். நான் அயனி நீக்கிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் இப்போது பயன்படுத்துவதில்லை.

சரி, இவ்வளவு நன்றாகப் பிரிந்த ஸ்லரி ஏன் அடியில் பாறையாகிறது? பிரிப்பது ஒரு வேலை, மிதக்க வைப்பது இன்னொரு வேலை. 1 மைக்ரான் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) துகள் அசையாத தண்ணீரில் நாளொன்றுக்குச் சுமார் 8 செ.மீ. இறங்கும் என்கிறது ஸ்டோக்ஸ் கணக்கு. 10 மைக்ரான் துகள் அதைப்போல நூறு மடங்கு வேகம். கெட்டியான ஸ்லரியில் ஒன்றையொன்று தடுப்பதால் வேகம் வெகுவாகக் குறையும், ஆனாலும் நிற்காது. தனித்தனியாக இறங்கும் துகள்கள் வழுக்கி நகர்ந்து இடைவெளியே இல்லாமல் அடுக்கிக்கொள்ளும். மேலே ஸ்லரி பால்போல அழகாக நிற்கும், அடியில் ஸ்பேட்டுலா சிமென்ட்டில் முட்டியதுபோல நின்றுவிடும். அதைத் திரும்பக் கலக்கவே முடியாது. அரைகுறையாகத் திரண்ட ஸ்லரி சீக்கிரம் படிந்தாலும், அந்தப் படிவு பஞ்சாக இருக்கும், ஜாடியைக் குலுக்கினால் எழும்பிவிடும்.

இதற்குத்தான் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பசை. தண்ணீரின் எடையில் 0.1 முதல் 0.3 சதவீதம் போதும். நிற்கும்போது கெட்டி, கலக்கும்போதும் ஊற்றும்போதும் இளக்கம். ஜாடியைத் தட்டி உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழியைக் கவனியுங்கள்: பாதி உயரத்தில் மேலே ஏறாமல் மாட்டி நின்றால், நுண்ணிய துகளும் கீழே இறங்காமல் நிற்கும் என்று நம்பலாம். கம்மை நேரே தண்ணீரில் கொட்டினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் விழும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. கொஞ்சம் கிளிசரினில் குழைத்துவிட்டு, ஓடும் கலக்கியின் சுழலில் விட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. என் வரிசை: தண்ணீர், டிஸ்பர்சன்ட், அப்புறம் தூள், தூள் முழுதும் பிரிந்தபின் கடைசியாகக் கம்.

சி.எம்.சி.யும் (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்) இந்த வேலையைச் செய்யும், ஆனால் நிற்கும்போது தரும் பிடிப்பு சாந்தன் அளவுக்கு வராது. இரண்டுமே நுண்ணுயிரிகளுக்கு உணவு. கிருமிநாசினி போடாத ஸ்லரி முதலில் நாறும், பிறகு நீர்த்துப்போகும், அதன்பின் படியும்.

சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்ற இன்னொரு டிஸ்பர்சன்ட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அன்றைக்கே தீர்ந்துவிடும் ஸ்லரிக்கு அருமை. சேமிப்புக்கு வேண்டாம், தண்ணீரில் அதன் சங்கிலி மெல்ல உடைந்துவிடும், ஸ்லரி திரும்பக் கெட்டியாகும். கயோலினுக்கு எந்த டிஸ்பர்சன்ட் போட்டாலும் பி.எச். அளவைக் கவனியுங்கள். அமிலப் பக்கம் போனால் தகடுபோன்ற கயோலின் துகளின் விளிம்பு நேர்மின்னேற்றம் பெற்று, அடுத்த தகட்டின் முகத்தில் போய் ஒட்டும். உப்பு அதிகமுள்ள தண்ணீரைத் தவிர்க்கவே முடியாது என்றால், கான்கிரீட்டில் போடும் சீப்பு வடிவப் பாலிகார்பாக்சிலேட் வகையைப் பாருங்கள். அதன் பக்கச் சங்கிலிகளே துகள்களை நெருங்கவிடாமல் தடுப்பதால் உப்பைத் தாங்கும். நுரை வரும், நுரைநீக்கி சேர்க்க வேண்டும்.

பேரைட்தான் கடைசிவரை படுத்தியது. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல சுமார் 4.5 மடங்கு, கால்சைட்டுக்கு 2.7 மடங்கு. சாந்தனை எவ்வளவு கூட்டினாலும் பெரிய துகள்கள் தப்பித்து இறங்கின, ஸ்லரிதான் ஊற்ற முடியாத கூழானது. தூளை இன்னும் நுண்ணியதாக அரைத்து வாங்கிய பிறகே அடிப்படிவு மெத்தென்று ஆனது. பரப்பு கூடியதால் டிஸ்பர்சன்ட் சற்று அதிகம் பிடிக்கிறது, ஆனால் கம்மைக் குறைக்க முடிந்தது. இப்போது பேரைட் ஸ்லரியும் தடையில்லாமல் பம்ப்பில் ஏறுகிறது.