7,800 ரூபாய் கார்பன் ஊன்றுகோல்: வெள்ளியங்கிரியில் ஒரு சோதனை

முழங்கால் வலி தொடங்கிவிட்ட வயதில் மலையேறும் ஆசையும் வந்து சேர்ந்ததால், சென்ற மாசி மாதம் வெள்ளியங்கிரிக்குப் புறப்படுவதற்கு முன், திருகி நீட்டும் வகையிலான கார்பன் இழை ஊன்றுகோல் ஒரு ஜோடியை 7,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ எடைகூட இல்லை. தக்கைக் கைப்பிடி வியர்வையிலும் வழுக்கவில்லை. பாராட்ட வேண்டியவை இவ்வளவுதான்.

கோவைக்கு மேற்கே பூண்டி கோயிலிலிருந்து ஏழு மலைகள் ஏறிச் செல்லும் அந்தப் பாதையின் அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள்; நான் போனபோது விலை நாற்பது ரூபாய். உடன் வந்த அண்டை வீட்டுப் பெரியவர் அதையும் வாங்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் ஏறிய தடியையே பூஜை அறையிலிருந்து எடுத்து வந்திருந்தார். என் கோலை வாங்கித் தூக்கிப் பார்த்தவர், "கனமே இல்ல தம்பி, ஆனா ஊனத் தெரியோணும்" என்று மட்டும் சொன்னார்.

முதல் மலையின் கல் படிகளிலேயே அதன் பொருள் புரிந்தது. கோலின் கடின உலோக முனை மண்ணில் நன்றாகக் குத்தி நிற்கும். ஆனால் பல கால்கள் மிதித்து வழவழப்பான கல்லில் சறுக்கும். அதற்கென்று கொடுத்திருந்த ரப்பர் மூடியை வீட்டில் விட்டு வந்தது என் பிழை. ஏறும்போது கோலைக் குறுக்கி, இறங்கும்போது நீட்ட வேண்டும் என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. பெரியவரின் தடியில் நீட்டவும் குறுக்கவும் எதுவுமில்லை. ஏற்றத்தில் அவர் கை தடியின் நடுப்பகுதிக்கு இறங்கியது, இறக்கத்தில் நுனிக்கு ஏறியது.

இறங்கும்போது நேர்ந்தவற்றுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. திருகிப் பூட்டும் அமைப்புக்குள் தூசி புகுந்ததால், என் எடை முழுவதையும் சாய்த்த ஒரு நொடியில் கோல் நான்கு விரற்கடை உள்ளே இறங்கியது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மற்றொரு கோல் இரு பாறைகளுக்கிடையே சிக்கி, பக்கவாட்டில் சற்றே வளைந்தவுடன் படீரென்று முறிந்தது. கார்பன் இழை நீளவாக்கில் பெரும் பாரத்தைத் தாங்கினாலும் பக்கவாட்டு அழுத்தத்தில் எச்சரிக்கையின்றி உடையக்கூடியது; அலுமினியமாக இருந்திருந்தால் பெரும்பாலும் வளைந்ததோடு போயிருக்கும், கல்லால் தட்டி நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கலாம். பொடிமண் சரிவில் பெரியவர் தன் தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, குதிகாலைப் பதித்துப் பதித்து, வெறுங்காலுடன் இறங்கினார். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

முறிந்த கோலுக்கு உத்தரவாதம் கேட்டபோது, தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி விற்பனையாளர் மறுத்துவிட்டார். மலையில் ஊன்றுவதைத் தவிர அதற்கு வேறு என்ன பயன் இருக்கிறது என்று நான் எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இமயமலையில் பல நாள் பாரம் சுமந்து நடப்பவர்களுக்கு நீட்டிக் குறுக்கும் கோல் தேவைதான். அவர்களும் திருகுப் பூட்டை விடுத்து, நெம்பி மூடும் பூட்டுள்ள அலுமினியக் கோலை வாங்குவது நல்லது. வாங்கியதும் ஒரு மாதமாவது பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கிக் கை பழக வேண்டும். வெள்ளியங்கிரிக்கு மட்டும் போகிறவர்கள் அடிவாரத்தில் நாற்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தால் போதும். நான் இந்தக் கோலுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண் தருகிறேன்; அதில் ஒன்று கைப்பிடிக்கு. முறிந்த துண்டு இப்போது மொட்டைமாடியில் அவரைக்கொடியைத் தாங்குகிறது.