கல்யாண சர்ட்டிபிகேட் தேடி சுங்கை சிப்புட் போன கதை

மெல்பர்ன்ல இருந்து மலேசியாவுக்குக் கிளம்பும்போதே ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல எல்லாத்தையும் அடுக்கிட்டேன், அப்பாவோட சூரா பெரானாக் (பிறப்புப் பத்திரம்), பெரியத்தையோட சூரா பெரானாக், தாத்தா இறந்த பத்திரம், பாட்டியோட பழைய ஐசி (அடையாள அட்டை) காப்பி, எல்லாம் இருக்கு, தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரம் ஒண்ணுதான் இல்ல. வம்சாவளி சார்ட் போடறேன்னு ரெண்டு வருஷமா உட்காந்திருக்கேன், அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாவே கிடக்கு.

இதுல வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி வேற. சித்தப்பா சொல்றது, இந்தியாவுல சொந்த ஊர்லயே தாலி கட்டி ஜோடியா ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு வந்து இறங்குனாங்கன்னு. சின்னத்தை சொல்றது, இல்லவே இல்ல, தோட்டத்து மாரியம்மன் கோயில்லதான் கல்யாணம், எங்கம்மா வாயாலயே கேட்டிருக்கேன்னு. தீபாவளிக்கு தீபாவளி போன்ல இதே சண்டை. சரி, தோட்டம் இருந்த சுங்கை சிப்புட்டுக்கே நேர்ல போய் பேப்பர எடுத்துட்டு வந்து ரெண்டு பேர் முன்னாலயும் வச்சிடலாம்னு கிளம்பிட்டேன். கேஎல் சென்ட்ரல்ல இடிஎஸ் ரயில் ஏறி ஈப்போ, அங்க மாமா காடியோட வந்திருந்தாரு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு. பயணத்துல திட்டம் போட்டபடி நடந்தது அது ஒண்ணுதான்.

பேப்பர் கேட்டு முதல்ல போனது ஒரு அரசாங்க ஆபீஸ், எந்த ஊருன்னு சொல்லல. காலைல எட்டரைக்கு நம்பர் எடுத்தேன், பதினொண்ணே முக்காலுக்குக் கூப்பிட்டாங்க, கவுண்டர்ல இருந்த தம்பி ஃபாரத்த நீட்டி கல்யாண சர்ட்டிபிகேட் நம்பர் எழுதுங்கங்கறாரு. நம்பர் தெரிஞ்சா நான் எதுக்குப்பா இங்க வரேன்? தேதியாச்சும் சொல்லுங்கன்னாரு, அதத்தான் தேடி வந்திருக்கேன்னேன், அவரு என்னைப் பாக்க நான் அவரப் பாக்க, கடைசில பக்கத்து கவுண்டருக்குப் போங்கன்னு அனுப்பிட்டாரு, அங்க சாப்பாட்டு நேரம். மறுநாள் திரும்பவும் போனேன், வேற கவுண்டர்ல வயசான மலாய் அக்கா ஒருத்தங்க, ஃபைலக்கூடத் திறக்கல, "இந்துவா? 1982-க்கு முன்னாடியா? அப்ப எங்ககிட்ட இருக்காதுமா"ன்னு ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. அத முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம்.

நீங்களும் இதே மாதிரி தேடறீங்கன்னா இத முதல்ல தெரிஞ்சுக்கோங்க. முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்துக்கு இங்க இருக்கற சட்டம் 1976-ல போட்டது, ஆனா நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அதுக்கு முன்னாடி கோயில்லயோ வீட்டு வாசல்ல பந்தல் போட்டோ முறைப்படி தாலி கட்டியிருந்தா அதுவே செல்லும், பதிவு பண்ணணும்னு கட்டாயம் கிடையாது, அந்தக் கல்யாணமெல்லாம் பதிவானதாவே கருதப்படும்னு சட்டமே சொல்லுது. கருதிக்கலாம், ஆனா கைல எடுத்துப் பாக்க பேப்பர் இருக்காது. உங்க தாத்தா பாட்டி கிறிஸ்தவங்கன்னா கதை வேற, ரிஜிஸ்டர் சர்ச்சுல இருக்கும், முதல்ல அங்க போங்க. 1982-க்கு அப்புறம் கட்டிக்கிட்டவங்க கோயில் தாலி போதும்னு இன்னும் சும்மா இருந்தா அது பெரிய தப்பு, பதிவு இல்லன்னா பிள்ளையோட குடியுரிமை தாய் வழியாத்தான் பாப்பாங்க, அந்தத் தாய்க்கே பேப்பர் சரியில்லன்னா பிள்ளை ஐசிக்கு அலையற அலைச்சல் இருக்கே, மாமா வீட்டுப் பக்கத்துலயே ஒரு குடும்பத்தப் பாத்தேன்.

அடுத்து தோட்டத்து ஆபீஸ். பழைய செக்ரோல் புக்குல, அதான் தொழிலாளிங்க பேர்ப்பதிவு புக்குல, பாட்டி பேரு எந்த மாசத்துல இருந்து வருதுன்னு பாக்கலாம்னு நெனச்சேன். ரப்பர் பால்மரம் ஒண்ணு இல்ல, எல்லாம் எண்ணெய்ப் பனை, செம்பனை, தொழிலாளிங்க குடியிருந்த லயம் இருந்த இடம் தெரியல, கேட்ல இருந்த கார்டு சூரா, அதான் அனுமதிக் கடிதம், இருக்கான்னு கேட்டாரு, உள்ள இருந்து போன்ல ஒரு குரல் கம்பெனி கை மாறி ரொம்ப நாளாச்சு, பழைய புக்கு எதுவும் இல்லன்னுச்சு. அவ்வளவுதான். கோயில் மட்டும் அப்படியே நிக்குது, தலைவர் பாவம் நல்ல மனுஷன், பெட்டியத் திறந்து தேடினாரு, எல்லாம் பிந்தின கால திருவிழா ரசீதுங்க.

பழைய பேப்பர் கிடைக்காததுக்கு மாமா ஒரு காரணம் சொன்னாரு. 1948 ஜூன் 16-ல இதே சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து தோட்டங்கள்ல, எல்பில் தோட்டம் அதுல ஒண்ணு, மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டுக் கொன்னாங்க, அதோட அவசரகாலம் வந்துச்சு, அதே வருஷம்தான் எல்லாருக்கும் ஐசி எடுக்க ஆரம்பிச்சாங்க. அதனால பாட்டியோட சொந்தப் பேப்பர்னு பாத்தா அந்த ஐசிதான் முதல். அதுல பேரு "ஆயி"ன்னு முடியுது, பெரியத்தை சூரா பெரானாக்ல "அம்மாள்"னு முடியுது. கிராணி, அதான் ஆபீஸ் கிளார்க், காதுல விழுந்தத எழுதினதுதானே.

ஆறாவது நாள் சின்னத்தை வீட்ல பசியாற உட்காந்திருந்தேன். சிங்க்குக்குக் கீழ ஒரு பித்தளைக் குடம், கழுத்து நசுங்கி, உள்ள வெங்காயம். அதுல என்னமோ புள்ளி புள்ளியா எழுத்து தெரியுதே அத்தைன்னு கேட்டா, "அது எங்கம்மா குடம்மா, கல்யாணத்துக்கு வந்தது"ன்னு தோசையத் திருப்பிக்கிட்டே சொல்றாங்க! ரெண்டு வருஷமா போன்ல பேசறோம், இதச் சொல்லல.

வெங்காயத்தக் கொட்டிட்டு, புள்ளிங்கள்ல அரிசி மாவு தேச்சு, போன் லைட்ட பக்கவாட்டுல அடிச்சா எழுத்து வெள்ளையா எழும்பி வருது. "விக்கிரம", பக்கத்துல ஒரு சுழி, அப்புறம் "ஆவணி", இன்னொரு சுழி. நான் ஏதோ பூ டிசைன்னு நெனச்சேன், அடுத்த வீட்டு ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார் வந்து பாத்துட்டு, இது ௵, வருஷம், அது ௴, மாசம், எங்க தாத்தா காலத்துக் குறிம்மான்னாரு. கீழ தோட்டத்துப் பேரு, "கங்காணி மொய்"ன்னு முடியுது.

விக்கிரம வருஷம் ஆவணின்னா 1940, ஆகஸ்ட் நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டேன். ஒத்துக்கல, மொய்னா கல்யாணம்தானா, காதுகுத்தா இருக்கக்கூடாதாங்கறாரு. யாரு காது சித்தப்பா? மூத்த பிள்ளை பெரியத்தை, அவங்க பொறந்ததே 1941 அக்டோபர். அதுவுமில்லாம 1938-லயே தோட்டத்துக்கு ஆள் அனுப்பறத இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வந்திருக்கலாம்தான், ரெண்டு டிக்கெட்டுக்கு தாத்தாகிட்ட ஏது காசு? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "குடம் யாருக்கு?"ன்னு கேட்டாரு பாருங்க.

சாப்ட்வேர்ல தேதி போடற இடத்துல ஆவணின்னு அடிச்சா எடுக்க மாட்டேங்குது, 1940-ன்னு மட்டும் போட்டு ஆதாரம்ங்கற இடத்துல பித்தளைக் குடம்னு எழுதி வச்சிருக்கேன். குடத்த அத்தை தரல, போட்டோ எடுத்துக்கோன்னுட்டாங்க. புளி போட்டு மட்டும் தேய்க்காதீங்க அத்தை, எழுத்து அழிஞ்சிடும்னு கெஞ்சிக் கேட்டுட்டு வந்திருக்கேன், தைப்பூசத்துக்கு முன்னாடி பாத்திரமெல்லாம் தேய்ப்பாங்க, அதான் பயமா இருக்கு.