கண்ணாடிக் குடிலில் எந்தக் கிழங்கு: ஹிப்பியாஸ்ட்ரமா, நெரைனியா, லாக்கனேலியாவா?

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கண்ணாடிக் குடில் போட்டுவிட்டால், உறைபனி தாங்காத பூக்கிழங்குகள் மேல் ஆசை தானாக வந்துவிடும். அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் வாங்கும்முன் கேட்க வேண்டியது, ஜனவரி இரவில் குடிலை எத்தனை டிகிரியில் வைக்க நம்மால் கட்டுப்படியாகும் என்பதை.

கடையில் அமரில்லிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம் தென் அமெரிக்கச் செடி. நட்ட 6 முதல் 8 வாரத்தில் பூக்கும், யாரையும் ஏமாற்றாது. ஆனால் 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பிடிக்காது. அந்தச் சூட்டுக்கு ஹீட்டர் ஓட்டினால் மின்கட்டணம் பூந்தண்டைவிட உயரமாக வளரும். குளிர்காலத்தில் அதன் இடம் வீட்டு ஜன்னலோரம்தான்.

மற்ற இரண்டும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்காரர்கள். 5 டிகிரி போதும்.

என் ஓட்டு நெரைனி சார்னியென்சிஸுக்கு. கெர்ன்சி லில்லி என்பார்கள், சார்னியா என்பதும் கெர்ன்சித் தீவின் பழைய பெயர்தான், ஆனால் பிறந்த மண் கேப் மலைகள். இலையே இல்லாமல் இலையுதிர் காலத்தில் பூக்கும். வெயில் பட்டால் இதழ்களில் பொன்தூள் தூவியது போல மின்னும். இலை குளிர்காலத்தில் வளர்ந்து, வசந்தம் முடியும்போது காயும். அப்புறம் கோடை முழுக்கத் தண்ணீர் காட்டாமல் வெயிலில் காய விட வேண்டும். முதல் வருடம் நான் பெரிய தொட்டியும் நல்ல எருவும் கொடுத்தேன். தழைதழையென்று இலை வந்தது, பூ வரவில்லை. கிழங்கின் கழுத்து வெளியே தெரியும்படி, ஒரு கிழங்குக்கு 9 சென்டிமீட்டர் தொட்டி, மணல் கலந்த மண், தழைச்சத்து குறைவு: அவ்வளவுதான். மொட்டின் மூக்கு தெரிந்த பிறகே தண்ணீர். வாங்கும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். நெரைனி பௌடனியை எடுத்து வந்துவிட்டால், அது வெளியே மண்ணிலேயே வளரும், அதற்குக் குடிலே தேவையில்லை.

லாக்கனேலியா கைச்செலவுக்குச் சுலபம். சின்னக் கிழங்கு, ஒரு தொட்டியில் ஆறேழு வைக்கலாம், தானே பெருகும். ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை, வேறு எதுவும் பூக்காத நேரத்தில், அலாய்டிஸ் என்ற லாக்கனேலியா வகை மஞ்சளும் சிவப்புமாகக் குழல் குழலாகத் தொங்கும். இன்னொரு வகையான விரிடிஃப்ளோராவின் நீலப்பச்சை நிறம் வேறெந்தப் பூவிலும் நான் பார்த்ததில்லை. குறை ஒன்று உண்டு. வெளிச்சம் குறைந்து சூடு கூடினால் தண்டு துவண்டு விழுந்துவிடும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. கேப் கிழங்குகள் இரண்டும் கோடையில் தூங்குவதால், தொட்டிகளை மேல் தட்டில் ஏற்றிவிட்டுக் கீழே தக்காளி வைக்கலாம், தண்ணீர் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. ஜன்னலோரத்து ஹிப்பியாஸ்ட்ரத்தையும் அப்போது குடிலுக்குக் கொண்டுவாருங்கள். இலை வளரும் மாதங்களில் அதற்கு வேண்டியது சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். தக்காளிக்கு ஊற்றும் அதே உரமே போதும்.