ஒரே டெனிம் சட்டை, மூன்று ஜப்பானியச் சாயங்கள்: எதை வாங்கலாம்?

ஜப்பானிய முறையில் கையால் சாயமேற்றிய டெனிம் சட்டை என்றாலே எல்லோருக்கும் நீலம்தான் நினைவுக்கு வரும். அந்த நீலத்துக்கு அய்சோமே என்று பெயர். அதற்குப் போட்டியாகக் காக்கிஷிபு, தோரோசோமே என்று இன்னும் இரண்டு உண்டு. கடையில் மடித்து வைத்த நிறத்தைப் பார்த்து இவற்றில் ஒன்றை எடுத்துவிடாதீர்கள். நாலு வருடம் உடுத்திய பிறகு மூன்றும் வெவ்வேறு சட்டைகளாகிவிடும்.

முதலில் நீலம். இதன் ஊர் தொகுஷிமா; பழைய பெயர் ஆவா. அங்கே விளையும் செடி நம் அவுரி இல்லை, வேறு குடும்பம். இலையைக் காயவைத்து, தண்ணீர் தெளித்து, குவியலைக் கிளறிக் கிளறிச் சுமார் 100 நாள் புளிக்க விடுகிறார்கள். கடைசியில் மக்கிய எரு மாதிரி கிடைப்பதுதான் சுகுமோ. அதோடு சாம்பல் கரைத்துத் தெளிந்த நீர், கோதுமைத் தவிடு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துத் தொட்டியில் மறுபடி புளிக்கவைக்கிறார்கள். மேலே நீல நுரை திரண்டால் 'பூ வந்துவிட்டது' என்று அர்த்தம், தொட்டி தயார். தோய்த்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். லேசாக முக்கி எடுத்த வெளிர் நீலத்துக்குக் காமெநோஸோகி என்று பெயர், 'தொட்டியை எட்டிப் பார்த்தது' என்று பொருள். கருநீலம் வேண்டுமென்றால் பத்து இருபது முறை முக்க வேண்டும்.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் என்ற ரசாயன நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாதாரண டெனிமில் இருப்பது அந்த வழி வந்த நீலம். சாயத்தின் மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். கூடுதல் விலை அந்த 100 நாளுக்கும் கைகளுக்கும். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

நீலம் நூலின் மேலேயே படிந்திருக்கும், அதனால் உரச உரசத் தேயும். முழங்கை மடிப்பிலும் காலர் விளிம்பிலும் முதலில் வெளுக்கும். அந்த வெளுப்புதான் டெனிமின் அழகு. ஆரம்பத்தில் வெள்ளைப் பையில் நீலம் ஒட்டும். தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

காக்கிஷிபு நேர் எதிர். காக்கி நிறத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஜப்பானிய மொழியில் காக்கி என்றால் பெர்சிமன் பழம். அதன் துவர்ப்பான காயைப் பிழிந்து, புளிக்கவைத்து, ஒரு வருடமோ அதற்கு மேலோ வைத்திருந்து பயன்படுத்துவார்கள். ஈழக் கரையோரத்தில் மீன்வலைக்குத் தோய்த்த பனிச்சங்காயும் இதே பேரினம்தான், வேலை செய்வதும் அதே துவர்ப்புதான். வெயில் பட்டால் இந்தச் சாயம் வெளுக்காது, இன்னும் கறுக்கும். துணி முதலில் விறைப்பாக இருக்கும், புதிதில் வாடையும் அடிக்கலாம். வெயிலில் அலைகிற வேலை உள்ளவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தோரோசோமே அமாமி ஓஷிமா தீவின் சேற்றுச் சாயம். தேச்சி மரத்தின் சிராய்களைக் கொதிக்கவைத்த சாற்றில் பலமுறை தோய்த்து, இரும்புச்சத்துள்ள சேற்றில் அலசுவார்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கரும்பழுப்பாகும். அந்தத் தீவின் பட்டுக்கு உரிய முறை இது. டெனிமில் அந்த ஆழம் வருவது கடினம். எலுமிச்சைச் சாறு தெறித்தால் அந்த இடம் வெளிறிவிடும். ஏற்கெனவே நீலமான டெனிமின் மேல் ஏற்றினால் மட்டும் அபாரமான கருமை வருகிறது.

முதல் சட்டை என்றால் நீலமே வாங்குங்கள். அப்புறம், எந்தச் சாயமானாலும் பொத்தான் பட்டியைப் புரட்டித் தையலைப் பாருங்கள். தைத்து முடித்த சட்டையை முக்கியிருந்தால் பருத்தி நூலும் சாயம் ஏறியிருக்கும். பாலியெஸ்டர் நூல் அப்படியே வெள்ளையாக நிற்கும், துணி வெளுத்தாலும் அது மாறாது.