ரெடிமேட் கோழிக்கூண்டு, 6 மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

ஆன்லைன்ல "8 கோழி தாராளமா நிக்கும்"னு போட்டிருந்தாங்க, நம்பி வாங்கிட்டேன். வந்ததும் டேப் வச்சு அளந்தா உள்ள மொத்தமே 16 சதுர அடி, கோழிக்கு 4 சதுர அடியாவது வேணும்ங்க, அப்போ இது 4 கோழிக்கான கூண்டு, அவ்ளோதான்.

அடுத்த கூத்து, உக்கார்ற கட்டைய முட்டைப்பெட்டிய விட கீழ வச்சிருக்கான். கோழி ராத்திரி எது உசரமோ அங்க தானே ஏறும், எல்லாம் முட்டைப்பெட்டிலயே படுத்து விடியறதுக்குள்ள எச்சம் போட்டு நாசம் பண்ணி வச்சிரும், முட்டைய எடுக்கவே முகம் சுளிக்கும். கட்டைய ஒரு அடி உசத்தி நானே ஆணி அடிச்சேன், ரெண்டே நாள்ல எல்லாம் மேல போயிருச்சு.

வலை தான் பெரிய ஏமாத்து. அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு கம்பி, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான் லாயக்கு, வெளிய இருந்து வர்றத தடுக்காது. ஒரு ராத்திரி மரநாயோ என்னமோ மூலைய பிச்சுட்டு உள்ள வந்து ஒரு நல்ல முட்டைக்கோழிய தூக்கிட்டு போயிருச்சு. இப்போ அரை இன்ச் ஓட்டை உள்ள கெட்டியான வெல்டு மெஷ் வலை அடிச்சு, கதவு கொக்கிக்கு பதிலா பூட்டே போட்டாச்சு.

நல்லதும் இருக்கு, அடி ட்ரே அப்படியே உருவி வருது, மேல காத்து போக வழி விட்டிருக்கறதால மூக்க எரிக்கிற அந்த அமோனியா நெடி இல்ல.

5க்கு 2 ஸ்டார்.