பாட்டி வீடா, வாடகை வீடா, தனித்தனி அறையா? கோடையில் சொந்தபந்தம் கூட நான்கு வழிகள்

எங்கள் குடும்பக் குழுவில் கோடை விடுமுறைப் பேச்சு வருடாவருடம் ஒரே மாதிரிதான் தொடங்கும். யாராவது ஒரு தம்பி "இந்தத் தடவை எல்லாரும் சேரணும்" என்று போடுவான். கைதட்டல் பொம்மைகளாக வந்து குவியும். அப்புறம் ஒரு அத்தை "சரி, எங்கே?" என்று கேட்பார். அத்தோடு ஒரு வாரத்துக்குக் குழுவில் சத்தமே இருக்காது.

நானும் பல வருடம் இதை இடத்தைப் பற்றிய கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கோடையில் 14 பேர் எங்கள் அம்மா வீட்டில் ஐந்து நாள் தங்கினோம். கிளம்பும்போது எதையோ மறந்துவிட்டோம் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். அம்மா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "இனிமேல்தான் எனக்கு லீவு" என்றார். அன்றிலிருந்து எந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இதில் யாருக்கு லீவு இல்லாமல் போகிறது?

பெரும்பாலும் நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். எல்லோரும் தாத்தா பாட்டி வீட்டுக்கோ, குடும்பத்தில் பெரிய வீடு வைத்திருப்பவர் வீட்டுக்கோ போய் இறங்குவது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது. பக்கத்தில் தனித்தனி அறை எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் கூடுவது. ஒரே நேரத்தில் கூடாமல், குடும்பம் குடும்பமாக முறைவைத்துப் போய்வருவது. ஐந்தாவதாக, பிள்ளைகளை மட்டும் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருவதும் உண்டு. அது பெற்றோருக்கு லீவு, அவ்வளவுதான். அதைப் பற்றிப் பிறகு இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

குளியலறையும் உறக்கமும்

அன்பெல்லாம் இருக்கட்டும், முதலில் கணக்கு. 14 பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் 210 நிமிடம். இரண்டு குளியலறை இருந்தால் காலையில் ஒன்றேமுக்கால் மணி நேரம் வரிசைதான். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று சொன்ன மாமா பதினொரு மணிக்கு வாசலில் கடுகடுவென்று நிற்பதற்கு யாருடைய குணமும் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். வாடகை வீடு பார்க்கும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்பதை விட்டுவிட்டு எத்தனை குளியலறை என்று முதலில் கேளுங்கள். தனித்தனி அறைதான் இதில் சுலபமாக ஜெயிக்கும்.

உறக்கத்திலும் அப்படியே. பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். நள்ளிரவு நெருங்கும்வரை பல பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. வயதானால் அது முன்னால் நகரும்; விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்தால் கூடம் அமைதியாக இருப்பது நடுவில் மூன்று மணி நேரம். பாட்டி வீடோ வாடகை வீடோ, பெரியவர்களுக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். "நான் எங்க வேணாலும் படுத்துக்குவேன்" என்று அவர்கள் சொல்வார்கள். காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராதது மனப்பிரமை இல்லை. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பழகாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாகத்தான் உறங்குகிறது என்று கண்டார்கள். சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடும் காவல்காரன் மாதிரி அது பாதி விழித்திருக்கிறது. ஆக, இரண்டு இரவுப் பயணம் என்றால் அதில் ஓர் இரவு காவலுக்கே போய்விடுகிறது. வாடகை வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் அந்த முதல் இரவு வரும். மறுநாள் காலையில் முகத்தை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

வேலை யார் தலையில்?

அம்மா சொன்ன வார்த்தை இங்கேதான் வந்து நிற்கிறது.

சொந்தக்காரர் வீட்டில் தங்கும்போது வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே இருக்கிறார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் சொட்டும், எந்த விளக்கின் சுவிட்சை இரண்டு தடவை தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாம் உதவிக்குப் போனாலும் "அந்தக் கரண்டி எங்கே?" என்று பத்து தடவை அவரைத்தான் கேட்கிறோம். பாத்திரம் தேய்ப்பதை யாரும் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த வேளைக்கு என்ன, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, தலையணை போதுமா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் வேலையைப் பகிர்வது கஷ்டம். அது கண்ணுக்குத் தெரியாததால் செய்பவரை யாரும் பாராட்டுவதுமில்லை, எழுந்து வந்து மாற்றிவிடுவதுமில்லை.

வாடகை வீட்டில் யாருக்குமே கரண்டி இருக்கும் இடம் தெரியாது. இதுதான் அதன் பெரிய பலம். எல்லோரும் சமமாகத் தடுமாறுகிறார்கள். எங்கள் சித்தப்பா வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்படியில் நின்றதை நான் பார்த்தது அப்படி ஒரு வீட்டில்தான். அவர் வீட்டில் சித்தி அவரை உள்ளே விட்டதே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: யாரும் எதுவும் பேசி வைக்காவிட்டால், இரண்டாம் நாள் மதியத்துக்குள் பழைய ஆட்களே பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். வீடு மாறும், வழக்கம் மாறாது. நாங்கள் செய்வது சுலபமானது. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. அன்றைக்கு அவர்கள் சமைக்கலாம், வெளியில் வாங்கலாம், எதையும் செய்யலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் இருப்பதுதான் சிலருக்குச் சமையலைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

தனித்தனி அறையில் வேலை குறைவு. ஆனால் பகலில் எங்கே உட்காருவது? கடைசியில் யாராவது ஒருவர் அறைக்குள் 14 பேரும் நுழைந்து கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து பேசுவோம். இல்லையென்றால் வேளைக்கு வேளை பெரிய மேசை தேடி அலைவோம். முறைவைத்துப் போவதில் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் வேலை சின்னதுதான். ஆனால் அது கோடை முழுக்க நீளும். நான்கு குடும்பம் அடுத்தடுத்து வந்தால் நான்கு தடவை வீட்டைத் தயார்செய்ய வேண்டும், ஒரே கதையை நான்கு தடவை சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு இரண்டாவது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

பணம்: பேசாமல் இருப்பதுதான் செலவு

பாட்டி வீட்டில் செலவே இல்லை என்று நினைக்கிறோம். செலவு இருக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை. 14 பேருக்கான தண்ணீர், மின்சாரம், மளிகை எல்லாம் ஓய்வூதியத்திலிருந்து போகிறது. கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். போகும் முன்பே தேவையானதை வாங்கி அனுப்பிவிடுவது, அந்த மாதத்து மின்கட்டணத்தை நாமே கட்டிவிடுவது இரண்டும் நடக்கும் வழி.

வாடகை வீட்டில் பணத்தைப் பேசியே ஆக வேண்டும். குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் தனியாளாக வரும் சித்திக்கு அநியாயம். எங்கள் 14 பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: தாத்தா பாட்டி, தலா மூன்று பிள்ளைகளோடு இரண்டு குடும்பங்கள், தனியாக ஒரு சித்தி, தனியாக ஒரு மாமா. ஐந்தாகப் பிரித்தால் சித்திக்கு 20 சதவீதம். பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று வைத்தால் மொத்தம் 22 பங்கு; சித்திக்கு இரண்டு பங்கு, அதாவது சுமார் 9 சதவீதம். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏழு பங்கு, சுமார் 32 சதவீதம். இந்தக் கணக்கை முன்பதிவுக்கு முன்னால் குழுவில் போட்டுவிட வேண்டும். போய்வந்த பிறகு போட்டால் அது கணக்காகத் தெரியாது, குறை சொல்வதாகத்தான் தெரியும்.

பிள்ளைகளும் தண்ணீரும்

பிள்ளைகள் பக்கம் நின்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை: ஒரே கூரை வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகள் நெருக்கமாவது பெரியவர்கள் ஏற்பாடு செய்த ஊர்சுற்றலில் அல்ல. ஒன்றுமே நடக்காத மதியத்திலும், படுக்கப் போ என்று மூன்று தடவை சொன்ன பிறகு போர்வைக்குள் கேட்கும் குசுகுசுப்பிலும்தான். தனித்தனி அறையில் இந்த இரண்டும் இல்லை. இரவு எட்டு மணிக்கு அவரவர் பிள்ளையை அவரவர் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். முறைவைத்துப் போனால் அவர்கள் சந்திப்பதே இல்லை.

ஆனால் கூட்டம் கூடினால் ஓர் ஆபத்தும் கூடுகிறது. நீச்சல் குளமோ ஏரியோ கடற்கரையோ பக்கத்தில் இருந்தால், சுற்றி எட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் ஒலிபெருக்கியில் கேட்கும். தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடியும் முன்பே உதவி கேட்டுப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பு அப்படிச் செய்கிறது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதோ கையை ஆட்டுவதோ இல்லை. சத்தமில்லாமல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் அந்த வேலை. கையில் போன் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை வாயால் சொல்லி ஆள் மாற வேண்டும்: "இப்ப நீ பாரு." "சரி, நான் பார்க்கறேன்."

பிள்ளைகளை மட்டும் தாத்தா பாட்டியிடம் விடுவதாக இருந்தால், போனதும் நீங்கள் பார்க்க வேண்டியது மாத்திரைகளை. வாரக் கணக்கில் பிரித்து வைக்கும் மாத்திரைப் பெட்டியை மூன்று வயதுக் குழந்தை நொடியில் திறந்துவிடும். அது கட்டில் பக்கத்திலேயே கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கும். மேலே ஏற்றி வையுங்கள், எங்கே வைத்தீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள்?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து வந்த கணக்கு. சொந்தக்காரர் வீட்டுக்கு அது இன்றைக்கும் சரி. மூன்று இரவு. யாரும் விருந்தாளி இல்லாத வாடகை வீட்டில் ஐந்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால், 14 பேருக்குள் இரண்டிரண்டு பேராக 91 உறவுகள் இருக்கின்றன; அதில் ஏதாவது ஒன்று எங்காவது உரசியே தீரும். நடுவில் ஒரு அரை நாள், யாரும் யாரோடும் போக வேண்டியதில்லை என்று விட்டுவிட்டால் பாதி உரசல் வராது. வெயிலில் பெரியவர்களுக்கு அந்த அரை நாள் கட்டாயம் வேண்டும். வயதாக ஆகத் தாகம் குறைந்துதான் தெரியும், "எனக்கு வேண்டாம்" என்றாலும் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது கலப்பு ஏற்பாடு. தாத்தா பாட்டி திடமாக இருந்து, வெளியே வர விருப்பமும் இருந்தால் வாடகை வீடு, நான்கு இரவு. அவர்களால் அலைய முடியாது என்றால் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு அறை. பகல் முழுக்க அவர்கள் வீடு, இரவில் பெரியவர்கள் நாங்கள் மட்டும் அறைக்கு, பிள்ளைகள் பாட்டியோடு. 14 பேரும் அந்த வீட்டிலேயே தங்குவதற்கு இனி நான் கைதூக்க மாட்டேன். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். "என் வீடு இருக்கும்போது எதுக்கு அறை?" என்று இன்னும் கேட்கிறார்.

கிளம்பும் நாளுக்கென்று தனியாகவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை அதே 60 விநாடியோடு கூடுதலாக 30 விநாடி. அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல ஒரு டிகிரி மட்டும் சூடேறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீண்டதைத்தான் சொன்னார்கள். கடைசிப் பகுதி எப்படி இருந்ததோ, அதை வைத்தே முழுவதையும் மனம் எடைபோடுகிறது. நமக்குக் கடைசிப் பகுதி வாசலில் கையசைப்பு. அம்மாவுக்கு, நாங்கள் போன பிறகு கிடக்கும் ஒன்பது படுக்கை விரிப்புகள்.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முந்தின இரவே விரிப்புகளை உருவித் துவைக்கப் போட்டுவிடுகிறோம். அன்றைக்கு வெறும் மெத்தையில்தான் படுக்கை. பிள்ளைகளுக்கு அந்த இரவுதான் ரொம்பப் பிடிக்கிறது.