வீட்டு சர்வரில் என் இணையதளம்: ஐந்து வருட அனுபவம்

2020-இல் ஒரு டாட் காம் பெயரை, அதாவது டொமைனைப் பதிவு செய்து, ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டு, என் தளத்தை வீட்டிலிருந்தே ஓட்ட ஆரம்பித்தேன். இன்றும் ஓடுகிறது. இடையில் கணினி மாறியது, இணைய இணைப்பு மாறியது, தளம் வெளியே போகும் வழியும் மாறியது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் வீட்டில் ஹோஸ்ட் செய்யப்போகிறேன் என்று யார் வந்தாலும், சர்வரைப் பற்றிக் கேட்பதற்கு முன் டொமைன் யார் கணக்கில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்றுதான் கேட்பேன்.

நான் அடி வாங்கியது அங்கேதான். டொமைனைப் பதிவு செய்துதரும் நிறுவனத்திடம் (பதிவாளர்) தொடர்பு முகவரியாக அதே டொமைனில் இருந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். புதுப்பிக்கும் நாள் தவறியதும் தளம் நின்றது, கூடவே மின்னஞ்சலும் நின்றது. கடவுச்சொல் மறந்திருந்தால், அதை மாற்றும் இணைப்பும் அந்தச் செத்த முகவரிக்குத்தான் போயிருக்கும். நல்லவேளை, உலாவியில் சேமித்து வைத்திருந்தேன். அவகாசம் முடிவதற்குள் கட்டணம் கட்டி மீட்டுவிட்டேன். அதையும் தாண்டிப் பெயர் நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கூடுதலாகக் கட்ட வேண்டும். டொமைனை நாம் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம், அதுவும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான். இப்போது தொடர்பு முகவரி வேறு, தானியங்கிப் புதுப்பிப்பும் போட்டாயிற்று.

கணினி விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணப் பக்கங்களுக்கு ராஸ்பெர்ரி பையின் வேகமே தாராளம். பழுதாகிப் போனது அதன் சேமிப்பான எஸ்டி கார்டு. சர்வரில் நடப்பதையெல்லாம் குறிக்கும் லாக்கை ஓயாமல் எழுதினால் அது தேய்ந்துவிடும். அப்புறம் எஸ்எஸ்டி உள்ள பழைய லேப்டாப்புக்கு மாறினேன். மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி தாங்குகிறது. எப்போதும் செருகியே இருப்பதால், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி வைத்திருக்கிறேன்.

தளத்தை எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் தர, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இலவசச் சான்றிதழை வைத்திருக்கிறேன். நான் எடுத்ததற்கு 90 நாள் ஆயுள். சர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானாகவே புதுப்பித்துவிடும். எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று ஒருமுறை சாதாரண எச்டிடிபி வரும் வாசலான 80-ஆம் போர்ட்டை மூடிவிட்டேன். என் அமைப்பில், டொமைன் என்னுடையதுதானா என்ற லெட்ஸ் என்கிரிப்டின் சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வரும். சத்தமில்லாமல் புதுப்பிப்பு நின்றுபோய், வாசகர்களுக்கு எச்சரிக்கைப் பக்கம் வந்தது. மின்னஞ்சல் சர்வரை மட்டும் வீட்டில் வைக்க நான் யாரையும் தூண்ட மாட்டேன். மின்னஞ்சல் போகும் 25-ஆம் போர்ட் பல இணைப்புகளில் அடைபட்டிருக்கும், வீட்டு ஐபியிலிருந்து (இணைய முகவரி எண்) போகும் கடிதங்களையும் பலர் ஏற்பதில்லை.

என்னை அதிகம் திணறடித்தது இணைப்பை மாற்றிய வாரம். வெளியிலிருந்து வருவதை ரூட்டர் என் சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாக இருந்தும் வெளியிலிருந்து தளம் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ரூட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைப்பு நிறுவனம் அதற்குத் தந்த ஐபியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து அந்த ஐபி வழியாக நேராக உள்ளே வர வழியே கிடையாது. புது இணைப்பு எடுக்கிறவர்கள் பொது ஐபி தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியில் சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு மென்பொருளால் டனல், அதாவது மறைகுறியாக்கிய தனிப்பாதை, போட்டேன். அது போக்குவரத்தைக் கைமாற்றி மட்டும் விடுகிறது. கோப்புகளும் சான்றிதழும் வீட்டில்தான். பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில், ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை வாடகை சர்வருக்கு மாற்றினேன். பழைய பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம் (டிடிஎல்) 300 விநாடிதான், சில நிமிடங்களில் வாசகர்கள் பழைய பெயரிலேயே புது வழியில் வர ஆரம்பித்தார்கள்.